பதினைந்து பைட்டுக்குள் பெரிய மாமியார்

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். உலர்த்தும் மெஷின்களிலிருந்து கிளம்பும் துணித்தூசி மற்றவர்கள் மேல் விழுந்தால் ஒரு தட்டுத் தட்டியதும் போய்விடும். அவர் மேல் விழுந்தால் குடியேறிவிடும். தலைமுடி, புருவம், மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதுக்காரரை அறுபதாகக் காட்டும். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே சும்மா இருந்துவிடுவார்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் லேபிள் அடிக்கும் பிரிண்டரைச் சரிசெய்ய வந்தவர் அவர். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டுப் பையைத் தூக்கும்போது, துவைக்கும் மெஷின்களுக்கு எதிரே ஆளுக்கொரு கடிகாரத்தோடு நின்று வெந்நீர் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். "இதையெல்லாம் ஒரு புரோகிராமே பாத்துக்குமே" என்று வாயை விட்டார். வாயை விட்டவர் இன்னும் வீடு திரும்பிய பாடில்லை என்று அவருடைய மாமனார் சொல்வதுண்டு.

அவர் சி மொழியில் எழுதிய அந்தப் புரோகிராமுக்கு 'துவை' என்று பெயர். ஆங்கில எழுத்தில் தட்டினால் ஆறெழுத்து. தண்ணீர் விடுவது, சூடேற்றுவது, சோப்புக் கரைசலை அளந்து ஊற்றுவது, சுழற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு. மெஷின் ஒன்றுக்கு ஒரு துவை வீதம், பதினாலு மெஷின்களுக்குப் பதினாலு துவைகள் ஒரே கணினியில் ஓடின. மேல்மாடிக் கண்ட்ரோல் ரூமின் திரையில் எட்டிப் பார்த்தால், துவை, துவை, துவை என்று பதினாலு வரி. வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பு முழுவதும் ஒரே பெயரில் எழுந்து நின்ற மாதிரி இருக்கும். வரிக்கு வரி வேறுபட்டது பக்கத்தில் இருந்த எண் மட்டும்தான். அந்த எண்ணும் புரோகிராமை நிறுத்தி ஓட்டும்போதெல்லாம் மாறிவிடும்.

அவருடைய கல்யாணம்கூட இந்த மெஷின்கள் முடித்துவைத்ததுதான். ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஒரு நர்ஸ் தினமும் போன் செய்து, "நாப்பது தலையணை உறை அனுப்பிச்சேன், முப்பத்தெட்டு வந்திருக்கு, மீதி ரெண்டை நீங்க போட்டுத் தூங்கறீங்களா?" என்று சண்டை பிடிப்பார். பஞ்சு பதிலுக்குச் சண்டை போடத் தெரியாமல், தொலைந்த உறைகளைத் தேடி எடுத்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஏழாவது தடவை கொண்டுபோனபோது, "அடுத்த தடவை தலையணை உறை இல்லாமயும் வரலாம்" என்றார் நர்ஸ். இப்போது அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பெண். அவளும் அம்மாவைப் போலவே கணக்குக் கேட்பாள்.

கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவர் பெல் அக்கா. மெஷின் நின்றால் கீழே இருப்பவர்களுக்கு மணியடித்துச் சொல்வது அவர் வேலை என்பதால் அந்தப் பெயர். அதற்கு முன் ஒன்பது வருஷம் சூடான ரோலர் இஸ்திரியில் விரிப்புகளை நுழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முன்கைகளிலும் அந்த ஒன்பது வருஷத்தின் தழும்புகள் வரிசையாக இருந்தன. கண்ட்ரோல் ரூமில் காற்றாடி உண்டு, ஜன்னல் உண்டு, சக்கரம் வைத்த நாற்காலி உண்டு. முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அக்கா ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே என்னை யாரும் எழுப்பாதீங்க" என்றார்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

எப்போதாவது ஒரு துவை சிக்கிக்கொள்ளும். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டினால் போதும். நிறுத்துவதற்கு எண்ணைத் தட்டலாம், பெயரையும் தட்டலாம். எந்த எண் எந்த மெஷின் என்று அக்கா ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பார். ஒரு நாள் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து சீட்டு ஊறிவிட்டது. கீழே மெஷினிலிருந்து நுரை பொங்குகிறது, ஆட்கள் கத்துகிறார்கள். அக்கா திரையில் கண்ட பெயரைத் தட்டினார். துவை என்றால் எந்தத் துவை? பதினாலும் நின்றன. தண்ணீரும் துணியுமாகக் கதவு பூட்டிக்கொண்ட பதினாலு மெஷின்களையும் கையால் வடித்துத் திறக்க மதியம் வரை ஆனது. மூன்று வாரம் கழித்து, வேறொரு நுரை, வேறொரு கத்தல், அதே தப்பு.

மேனேஜர் கத்துகிற ஆள் இல்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "அக்கா, ரெண்டு தடவை ஆயிடுச்சு. மூணாவது தடவை எல்லாம் நின்னுச்சுன்னா, நீங்க ரோலருக்கே போயிடுங்க. இங்க கம்ப்யூட்டர் படிச்ச ஆளா பாத்துப் போடறேன்."

பஞ்சு அப்போது அங்கேதான் நின்றார். தப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும். பதினாலுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுப் போனது அவர். வாயைத் திறக்க நினைத்தார். அதற்குள் மேனேஜர் படியிறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி கேட்டார். "அக்காவை ரோலருக்கு அனுப்பிடுவேன்னு சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லலை."

"அது தெரியும். முகத்துல என்ன வச்சிருந்தீங்க?"

"கண்ணாடியைத் துடைச்சிட்டு இருந்தேன்."

"நல்லாத் துடைச்சீங்க. போய் அந்தப் பதினாலுக்கும் தனித்தனியா பேரு வையுங்க. எங்க வார்டுல முப்பது கட்டிலுக்கும் முப்பது நம்பர் இருக்கு. எல்லாத்துக்கும் 'கட்டில்'னு பேரு வச்சா நான் யாருக்கு ஊசி போடறது?"

மறுநாள் பஞ்சு அக்காவிடம் போய், "ஒரு வாரம் குடுங்கக்கா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிடறேன்" என்றார்.

"நீங்க என்ன வைக்கறது? பேரெல்லாம் நாங்க எப்பவோ வச்சாச்சு" என்றார் அக்கா. கீழே வேலை செய்கிற பெண்கள் மெஷின்களை எண் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அசைந்து அசைந்து சுற்றுவது யானை. மெதுவாகச் சூடேறுவது நத்தை. சத்தமே போடாதது பூனை. எப்போதும் ஒழுகிக்கொண்டிருப்பது அழுமூஞ்சி. புதிதாக வந்து பளபளவென்று நிற்பது சிங்காரி. துணியைப் போடும் முன்பே தொணதொணக்கத் தொடங்குவது பெரிய மாமியார். ஆபரேஷன் தியேட்டர் துணி மட்டுமே வாங்கிக்கொண்டு, மற்றதைத் தொடாமல் கம்பீரமாக நிற்கும் பழைய மெஷின் பெரிய மனுஷன். "இந்தப் பேரெல்லாம் திரையில தெரியணும். தமிழ்லயே தெரியணும். அவசரத்துக்கு எனக்கு இங்கிலீஷ் எழுத்து எறும்பு மாதிரி ஓடுது."

பஞ்சு புத்தகங்களைப் புரட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன் பெயர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள getprogname என்று ஒரு கட்டளை, அந்தப் பெயரை மாற்றிக்கொள்ள setprogname என்று இன்னொன்று. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தார். ஓட்டினார். "உன் பேரு என்ன?" என்று கேட்டார். "யானை" என்றது புரோகிராம். பிழைச் செய்திகளிலும் யானை என்றே கையெழுத்துப் போட்டது. பஞ்சு மூன்று மூன்று படிகளாகத் தாவி மாடியேறினார்.

திரையில் துவை, துவை, துவை.

அக்கா ஒருமுறை திரையைப் பார்த்தார், ஒருமுறை அவரைப் பார்த்தார். "தம்பி, அதுக்குப் பேரு மாத்தினது அதுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கே!"

விஷயம் அதுதான். setprogname மாற்றியது புரோகிராம் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயரை. கண்ணாடிக்கு முன்னால் நின்று "இன்று முதல் நான் யானை" என்று அறிவித்துக்கொண்டதோடு சரி. ஊர்ப் பதிவேட்டில் பழைய பெயரேதான். பதிவேட்டை வைத்திருப்பது கணினியின் ஆதார அமைப்பு. அதனிடம் தனியாகப் போய், prctl என்ற வேறொரு கட்டளை மூலம் மனுப் போட வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயருக்கு ஒதுக்கிய கட்டம் மிகச் சிறியது: பதினைந்து பைட்டு, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் சண்டை போடாது, எச்சரிக்காது. சத்தமில்லாமல் வாலை நறுக்கிவிடும்.

பஞ்சு எண்ணிப் பார்த்தார். பெ, ரி, ய, நடுவில் ஓர் இடைவெளி, மா, மி, யா, ர். எட்டு. பதினைந்தில் எட்டு போக ஏழு மிச்சம். மாமியாருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்று திருப்திப்பட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்றே எண்ணிப் பழகிய விரல்கள் அவை.

திங்கட்கிழமை சோதனைக்காக யானை, நத்தை, பூனை மூன்றுக்கு மட்டும் பெயர் மாற்றினார். திரையில் பதினோரு துவைகளுக்கு நடுவே மூன்றும் அழகாக நின்றன. செவ்வாய்க்கிழமை நத்தை சிக்கிக்கொண்டது. அக்கா 'நத்தை' என்று தட்டினார். நத்தை மட்டும் நின்றது. கீழே யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அக்கா நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல் துணி உள்ளே போகும் முன்பே, பஞ்சு பதினாலு பெயர்களையும் ஏற்றிவிட்டார். மாடியேறித் திரையைப் பார்க்கத்தான் போனார். வழியிலேயே லேபிள் பிரிண்டர் காகிதத்தைத் தின்றுவிட்டது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏழு மணிக்கு வந்த அக்கா திரையைப் பார்த்துச் சிரித்தார். அழுமூஞ்சி 'அழுமூ' என்று பாதியில் நின்றது. சிங்காரி 'சிங்க' என்று கர்ஜிக்கத் தயாராக இருந்தது. இடம் போதாமல் தம்பி சுருக்கியிருக்கிறார் போல என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மேனேஜர் மாடிக்கு வந்தார். புதுப் பெயர்களைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அவர் வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கீழேயிருந்து குரல் வந்தது.

"அக்கா! பெரிய மாமியார் நிக்காம தண்ணி குடிக்குது! நுரை வெளிய வருது!"

அக்காவின் விரல்கள் விசைகளுக்குப் போயின. அப்படியே அந்தரத்தில் நின்றன. திரையில் நான்காவது வரியில் 'பெரிய' என்று இருந்தது. பதினோராவது வரியிலும் 'பெரிய' என்று இருந்தது.

பிரிண்டரின் வாயிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த பஞ்சுவும் குரல் கேட்டு ஓடி வந்தார். அக்காவின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. பெ என்பது கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்கு ப ஒன்று, கொம்பு ஒன்று. ரி என்றால் ர ஒன்று, சுழி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ப, கொம்பு, ர, சுழி, ய: ஐந்து மூன்று பதினைந்து. கட்டம் நிரம்பிவிட்டது. மாமியாரும் மனுஷனும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

"சீக்கிரம் நிறுத்துங்கக்கா" என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார்."

"என்ன, மாட்டேனா?"

"ரெண்டு பெரிய இருக்கு. பேரைத் தட்டினா ரெண்டும் நிக்கும். அந்த இன்னொண்ணு பெரிய மனுஷன். உள்ள தியேட்டர் துணி கொதிச்சிட்டிருக்கு. பாதியில நின்னா மொத்தத்தையும் முதல்லேருந்து கொதிக்க வைக்கணும். எந்தப் பெரியன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

"நுரை வாசல் வரைக்கும் வந்துடுச்சு!" என்றது கீழே.

"வரட்டும்! தரை சுத்தமாகும்!" என்று அக்கா கத்தினார். பிறகு பஞ்சுவின் பக்கம் திரும்பாமலே கேட்டார். "தம்பி, நேத்து நத்தை சிக்கினப்ப ஒண்ணு பார்த்தேன். பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்குல்ல, ரெண்டு, மூணுன்னு காட்டுமே. நத்தைக்கு மட்டும் அது தொண்ணூத்தொன்பதுன்னு குதிச்சது. அது என்ன?"

பஞ்சுவுக்கு மூச்சு வந்தது. "கம்ப்யூட்டர் நேரத்துல எவ்வளவைச் சாப்பிடுதுன்னு காட்டறது, அக்கா. ஒழுங்கா ஓடறது கொஞ்சமாத்தான் சாப்பிடும். சிக்கிக்கிட்டது எல்லாத்தையும் சாப்பிடும்."

"அப்ப நாலாவது வரியில ரெண்டு. பதினோராவதுல தொண்ணூத்தெட்டு. பதினோராவதுதான் மாமியார். சரியா?"

"சரிக்கா."

"நிச்சயமா? இது என் நாற்காலி தம்பி."

"நிச்சயமா."

அக்கா பெயரை விட்டுவிட்டு, பதினோராவது வரியின் எண்ணைத் தட்டினார். இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படித்துத் தட்டினார். கடைசியில் எண்டர் விசையை அழுத்தினார்.

பதினோராவது வரி மறைந்தது. மற்றப் பதின்மூன்றும் அசையாமல் நின்றன. தரை வழியாக மேலே வந்துகொண்டிருந்த இரைச்சலில் ஒரு தொணதொணப்பு மட்டும் குறைந்தது. அக்கா மணியை ஒருமுறை அடித்தார். ஒரு மணி என்றால் ஒரு மெஷின்.

மேனேஜர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். "ஒண்ணுதான் நின்னிருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு பஞ்சுவைப் பார்த்து, "ரெண்டு மெஷினுக்கு ஒரே பேரு எப்படி வந்தது? அக்கா மாத்தித் தட்டினாங்களா?" என்றார்.

பஞ்சுவின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. துடைப்பதற்காகக் கழற்றக்கூடச் செய்தார். பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தப்பு என்னோடது சார். எழுத்தை எண்ணினேன், பைட்டை எண்ணலை. நம்ம எழுத்து ஒண்ணொண்ணும் மூணு இடத்தை அடைச்சுக்கும், அது தெரிஞ்சும் எண்ணாம விட்டுட்டேன். போன ரெண்டு தடவை எல்லாம் நின்னதும் என்னாலதான். பதினாலுக்கும் ஒரே பேரு வச்சது நான். அக்கா கண்ணுக்குத் தெரிஞ்ச பேரைத்தான் தட்டினாங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நின்னுக்கிட்டே இருந்தேனே தவிர சொல்லலை."

"அப்போ உங்களை ரோலருக்கு அனுப்பிடலாமா?" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார்" என்றார் அக்கா அவசரமாக. "இவர் நின்னு யோசிக்கறதுக்குள்ள விரிப்பெல்லாம் கருகிடும். இங்கேயே இருக்கட்டும், எண்ணிப் பழகட்டும்."

மேனேஜர் முதல் தடவையாகச் சிரித்தார். "நாற்காலி உங்களோடதுதான் அக்கா. படிச்ச ஆளா இருந்தா இந்நேரம் பேரைத் தட்டியிருப்பான்."

"சரிங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, திரை மறைக்குது" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய்க்கொண்டார்.

பதினொன்றரை மணி இடைவேளையில் பெயர் மாற்றும் சபை கூடியது. துணி மடிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்துகொள்ள, அக்கா நாற்காலியை வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்தார். பஞ்சு ஒரு காகிதத்தில் விதியை எழுதிக் காட்டினார்: உயிர்மெய் எழுத்தைப் பிரித்துப் போட்டு எண்ணணும், கொம்பும் காலும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு, மொத்தம் ஐந்துக்கு மேல் கூடாது.

"அழுமூஞ்சிக்கு அழுகைன்னு வையுங்க."

பஞ்சு விரல் விட்டு எண்ணினார். "அ, ழ, சுழி, க, கொம்பு. அஞ்சு. சரியா இருக்கு!"

"சிங்காரி?"

"இடம் பத்தாது. ராணின்னு வேணா வைக்கலாம். நாலுதான்."

"வந்து ஒரு வருஷம் ஆகலை, அதுக்குள்ள ராணியா? ஒன்பது வருஷமா உழைக்கிற யானைக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். யானையை யாராலும் மாற்ற முடியாது என்று சமாதானம் சொன்னார்கள். பெரிய மனுஷன் மறுபேச்சில்லாமல் 'ஐயா' ஆனார். பெரிய மாமியாரிடம் வந்தபோதுதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மாமியார் என்றாலே எட்டு. பெரியவும் வேண்டாம், மாமியாரும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன?

"வீட்டுல மாமியாரை என்னன்னு கூப்பிடறீங்க?" என்று கேட்டார் அக்கா.

"முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"அத்தைன்னுதான்."

பஞ்சு எழுதிப் பிரித்தார். அ, த, புள்ளி, த, கொம்பு. "அஞ்சு! சரியா பதினஞ்சு பைட்டு!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். படிக்கட்டில் கைதட்டல்.

பன்னிரண்டு மணிக்கு, மெஷின்கள் காலியானதும், பதினாலு பெயர்களும் மறுபடி ஏறின. இந்தத் தடவை பஞ்சு பிரிண்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாடிக்கு வந்து, அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துப் படித்தார். எதற்கும் வால் போகவில்லை, எதுவும் இரண்டு தடவை வரவில்லை.

"பார்த்தா போதாது" என்றார் அக்கா. "அத்தையில இன்னும் துணி போடலை. வெறும் தண்ணியிலதான் சுத்துது. நிறுத்திப் பார்த்துடலாம்."

வாசலில் மடிக்கும் பெண்கள் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். அக்கா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, 'அத்தை' என்று தட்டினார். ஒரு வரி போனது. பதின்மூன்று ஓடின. கீழே தொணதொணப்பு பட்டென்று அடங்கியது.

"அடேயப்பா!" என்றாள் வாசலில் நின்றவள். "நிறுத்துன்னு சொன்ன உடனே நிறுத்தற அத்தையை என் வாழ்க்கையில இப்பதான் பார்க்கிறேன்!"